பெரட்டில் வராதவர் பெயர்கள்

மகேஸ்வரி இருந்தாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள்.

ஜோசப் இருந்தார். நாங்கள் போடும் எல்லா நாடகத்திலும் அவர்தான் வில்லன். வெளியில் எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்.

சின்னையா இருந்தார். மின்விளக்கு, ஒயர் எல்லாம் அவர் பொறுப்பு.

சரோஜா அக்கா இருந்தார். உடுப்பு தைப்பவர். தேத்தண்ணி கலக்குபவரும் அவரே.

அழகப்பன் சார் இருந்தார். நாடகம் எழுதி இயக்குபவர். ஈப்போவில் கணக்காய்வாளர் அலுவலகம் வைத்திருக்கிறார். செட்டியார் வீட்டுப் பிள்ளை. வீட்டில் பேசும்போதும் முழு வாக்கியமாகத்தான் பேசுவார் என்று நினைக்கிறேன்.

ஆறாவது ஆள் நான். கையில் பெரட்டு நோட்டு. பெயர்களைக் கூப்பிட்டவன் நானே.

இது ஈப்போ புந்தோங்கில், ஒரு கடைவீட்டு மாடியில். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கீழே கச்சான் கடலை வறுக்கும் வாசனை மேலே வந்துகொண்டிருந்தது.

வந்தவர்களைக் கூப்பிட்டு முடித்தேன். பிறகு வராதவர்களைக் கூப்பிட்டேன். கடைசிப் பெயர் தனலெட்சுமி.

"ஜொகூர்ல இருக்கு. வரும்," என்றேன். கேட்டவனும் நான், பதில் சொன்னவனும் நான்.

மகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, இன்னிக்கு கையேட்டுல அந்தப் பெரட்டுப் பக்கத்த முடிச்சாகணும். நாளைக்கு அச்சுக்குப் போகுது. ஒண்ணு பேரு இருக்கும், இல்லாட்டி எடுக்கணும். நீங்க போன் பண்றேன்னு சொல்லி ஆறு வாரம் ஆச்சு."

"பண்றேன்."

"இதையேதான் போன வாரமும் சொன்னீங்க."

சரோஜா அக்கா தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே சொன்னார். "அவர விடு லா. பஸ் ஓட்டுனவரு. டைம் வந்தாத்தான் எடுப்பாரு."

எல்லாம் உங்க தலையில இருக்கு

போன வாரம் இந்தப் பத்திரிகையில், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கதையை எழுதினேன். காலில் சர்க்கரைப் புண். பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளுக்குள்தான் எங்கள் குழுவின் நாடகம் நடந்தது. அதை எழுத இடம் போதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் ஒரு நாடகத்திலும் நடித்ததில்லை. நாடகம் எழுதவும் வராது. ஆறாம் வகுப்போடு சரி. மற்ற வேலைகளை நான் பார்ப்பேன். மண்டபம் பிடிப்பது, அனுமதிக் கடிதம் வாங்குவது, திரை கட்டுவது, நாற்காலி போடுவது, ஆட்களை ஏற்றி இறக்குவது. இதற்குத் தயாரிப்பாளர் என்று பெயராம். அழகப்பன் சார் சொல்லித்தான் தெரியும். நான் தயாரித்தது என்று பார்த்தால், சரோஜா அக்கா வராத நாட்களில் தேத்தண்ணி மட்டும்தான்.

நான் படுத்துவிட்டேன். நாடகத்தன்று மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. சாவி மண்டபத்துக்கு எதிரே கார் கழுவும் கடையில் இருக்கும். அது எனக்கும் அந்தக் கடைக்காரருக்கும் மட்டும் தெரியும்.

திரையும் கிடைக்கவில்லை. திரையை நான் ஒரு இரும்புச் சாமான் கடையின் மாடியில் வைத்திருந்தேன். எங்கள் மாடி ஒழுகும். அந்த மாடி ஒழுகாது. ஜோசப் போய்க் கேட்டிருக்கிறார். கடை முதலாளியான சீனத் தவுக்கே அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார். ஜோசப்பின் மீசை அப்படி.

கடைசியில் சரோஜா அக்கா நாலு சேலையைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டினார். நாடகம் ஒன்றரை மணி நேரம் தாமதம். பாதி சனம் எழுந்து போய்விட்டது.

மறுநாள் எல்லோரும் ஆரஞ்சும் ரொட்டியுமாக என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அழகப்பன் சார் சொன்னார்.

"எல்லாம் உங்கள் தலையில் இருக்கிறது. நீங்கள் இல்லை என்றால் குழு இல்லை. இது நல்லதல்ல. ஒரு கையேடு எழுதுங்கள்."

"எனக்கு எழுத வராது சார்."

"சொல்லுங்கள். மகேஸ்வரி தட்டச்சு செய்வார்."

"சொல்லவும் வராது," என்றேன்.

அக்கம்பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள்.

கையேடு

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டு வாங்கினேன். சொல்வதைவிட எழுதுவது எளிதாக இருந்தது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

சில வரிகளை அப்படியே கொடுக்கிறேன்.

'மைக் இரண்டு இருக்கிறது. ஒன்று வேலை செய்யாது. இரண்டையும் எடுத்துப் போ. எது வேலை செய்யாது என்பது மேடையில்தான் தெரியும்.'

'தவுக்கே கடைக்குச் சீனப் பெருநாள் சமயம் போனால் ஆரஞ்சு கொண்டு போ. நான்கு கொண்டு போகாதே. அவர்களுக்கு அந்த எண் ஆகாது. ஒரு வருஷம் நான் நான்கு கொண்டு போனேன். ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.'

'நடிகர்களுக்கு நாடகத்துக்கு முன்னால் சோறு போடாதே. பாதி வயிற்றுக்கு மீகூன் போதும்.'

'அழகப்பன் சார் கடைசி நாளில் வசனம் மாற்றுவார். சரி என்று சொல். யாரிடமும் சொல்லாதே.'

இந்தக் கடைசி வரியை மகேஸ்வரி சத்தமாகப் படித்துவிட்டாள். அழகப்பன் சார் கொஞ்ச நேரம் சன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு, "அது இருக்கட்டும்," என்றார்.

சரோஜா அக்காவுக்கு என் எழுத்து பிடிக்கவில்லை. "எழுதச் சொன்னா பஸ் ஸ்டாப்பு போர்டு மாதிரி எழுதி வச்சிருக்காரு. ஒரு வரிக்கு அப்பறம் எறங்கிரணும்."

மண்டபம், திரை, விளக்கு, சாப்பாடு, வண்டி, அனுமதி என்று எல்லாம் முடிந்தது. பெரட்டு மட்டும் மிச்சம்.

பெரட்டு

தோட்டத்தில் வேலை பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகுமுன் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அதுதான் பெரட்டு. கூப்பிடுபவர் மண்டோர்.

எங்கள் தோட்டம் செம்மோர் பக்கம். மண்டோர் பெயர் ராமையா. தோட்டம் விற்றுப் போய், நாங்கள் எல்லாம் ஈப்போவுக்கு வந்த பிறகு, அவரும் வந்தார். அடுக்குமாடி வீட்டில் சும்மா உட்கார அவருக்கு முடியவில்லை. நாடக ஒத்திகைக்கு வந்து ஓரமாக நிற்பார். நாலாம் நாள் ஒரு நோட்டை எடுத்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கூப்பிட்டதும் எல்லோரும் எழுந்து நின்றோம். பழக்கம் அப்படி.

அவர் பெரட்டில் ஒரு முறை உண்டு. வராதவர் பெயரையும் கூப்பிடுவார். யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும். காய்ச்சல். கல்யாண வீடு. இரவு ஷிப்ட். பதில் இல்லாமல் அடுத்த பெயருக்குப் போக மாட்டார்.

இன்னொன்று, பெயரை அவர் அடிக்க மாட்டார். தோட்டத்தில் பெயரை அடிக்கும் உரிமை மண்டோருக்குக் கிடையாது. வேலையை விடுகிறவர் தானே ஆபீசுக்கு வந்து, நான் போகிறேன், பெயரை எடுங்கள் என்று சொல்ல வேண்டும். நாடகக் குழுவிலும் அதே முறையை வைத்தார்.

அவர் இறந்து போன பிறகு நோட்டு என் கைக்கு வந்தது. அவர் தன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அவர் பெயரை மட்டும் எல்லோரும் கூடிப் பேசி எடுத்தோம். அதற்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

மூன்று பெயர்கள்

பெரட்டுப் பகுதியைப் படித்ததும் மகேஸ்வரி கேட்டாள்.

"இதுல மூணு பேரு நான் சேந்ததுல இருந்து வந்ததே இல்ல. ஆனா ஒவ்வொரு வாரமும் கூப்பிடுறோம். கையேட்ட படிக்கிறவங்க என்ன நெனப்பாங்க? மூணு மாசம் வரலன்னா பேர எடுத்துரலாம்னு எழுதுவோம்."

"அப்படி எடுக்க முடியாது," என்றேன்.

"ஏன்?"

"அவங்க சொல்லல."

"சொல்லாமலே இருந்துட்டா?"

ஜோசப் என் பக்கம் பேசினார். சின்னையா மகேஸ்வரி பக்கம். அழகப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூன்று பேரையும் கேட்டுவிடுவோம். அவர்கள் சொல்வதை எழுதுவோம். பழைய முறையும் கெடாது, கையேடும் முடியும்."

எல்லோருக்கும் சரியாகப் பட்டது. கேட்க வேண்டிய ஆள் நான்.

முதலில் குப்புசாமி அண்ணன். பாகான் டத்தோவில் மகன் வீட்டில் இருக்கிறார். தென்னந்தோப்பு. ஒரு காலத்தில் எங்களுக்கு மிருதங்கம் வாசித்தவர். இடுப்பு விழுந்து நாலு வருஷம்.

"எடுக்கிறதா? எவன் சொன்னான்?" என்றார். "நான் வருவேன் லா. எந்திரிச்சு நிக்க முடியட்டும், அடுத்த பஸ்சு புடிச்சு வருவேன். வை பேர."

பெயரை வைத்தேன்.

இரண்டாவது சிவா. தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலை. அவன் யோசிக்கவே இல்லை.

"எடுத்துருங்கண்ணே. ஷிப்டு ரொம்ப சூசா, முடியல. ஞாயித்துக்கெழமதான் தூங்குறேன்."

பின்னால் அவன் மனைவி குரல் கேட்டது. "தூங்குறாராம். மீன் புடிக்கப் போறாரு."

பெயரை அடித்தேன். மனசுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது தனலெட்சுமி என்ற தனம்.

மூன்றாம் வரிசை, சன்னல் பக்கம்

தொழிற்சாலை பஸ் ஓட்டினேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். கையுறை செய்யும் தொழிற்சாலை. காலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிப் போவேன். தனம் மூன்றாம் வரிசை, இடது பக்கம், சன்னல்.

எங்கள் குழுவில் அவள்தான் கதாநாயகி. வீட்டில் வசனம் படிக்க இடம் கிடையாது. சின்ன வீடு, நிறைய ஆள். அதனால் பஸ்ஸில் படிப்பாள். மற்றப் பெண்கள் தூங்குவார்கள். சிலர் கிண்டல் பண்ணுவார்கள். "ராணியம்மா, தல வலிக்குது, நாட்ட அப்பறம் ஆளுங்க." அவள் நிறுத்த மாட்டாள். மழை பெய்தால் உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வெளியே பார்த்து, ரப்பர் மரங்களைப் பார்த்து வசனம் சொல்வாள்.

திரும்பி வரும்போது அவள் கை மடிப்பில் வெள்ளைத் தூள் இருக்கும். கையுறைத் தூள்.

தொழிற்சாலைக்கு முன்னால் ஒரு வளைவு. வசனம் முடியாமல் இருந்தால் அந்த வளைவில் மெதுவாக ஓட்டுவேன். சீக்கிரம் முடிந்துவிட்டால் வேகமாகப் போய்விடுவேன். ஒரு நாளும் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் இறங்கும்போது சொன்னாள். "டிரைவரே, இன்னும் ரெண்டு வரி இருந்துச்சு."

எல்லோரும் என்னை அண்ணே என்பார்கள். தனம் மட்டும் டிரைவரே என்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. மாற்றிக் கூப்பிடச் சொன்னதும் இல்லை.

அவளுடைய அக்கா ஜொகூரில் இறந்து போனாள். இரண்டு பெண் பிள்ளைகள். தகப்பன் சரியில்லை. தனம் போக வேண்டியதாயிற்று. அங்கிருந்து தினமும் சிங்கப்பூருக்குப் போய் ஒரு சமையல்கூடத்தில் வேலை.

பஸ் நிலையத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பெரிய பை இல்லை. தகர டப்பா ஒன்றில் முறுக்கு. அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"பெரட்டுல என் பேர எடுத்துடாதீங்க," என்றாள். "ரெண்டு வருசம்தான். பிள்ளைங்க கொஞ்சம் தலையெடுத்துட்டா வந்துருவேன்."

"எடுக்க மாட்டேன்."

அன்று நான் வேறு எதையோ சொல்ல வேண்டியிருந்தது. அந்த நேரம் டிக்கெட் பார்ப்பவன் வந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு பெரட்டில் அவள் பெயர் வந்தது. பதில் சொன்னேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று சரோஜா அக்கா ஒருமுறை கேட்டார். திரையை மடித்துக்கொண்டிருந்தேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கூப்பிட்டுக் கேட்டால் வருகிறேன் என்பாள், இல்லை வரவில்லை என்பாள். கேட்காத வரை இரண்டும் இல்லை. ஆறு வாரம் நான் போன் பண்ணாததற்கு இதுதான் காரணம். மகேஸ்வரியிடம் மறந்துவிட்டது என்றேன்.

ஐந்தடிப் பாதையில்

அன்றைக்குத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். எழுந்து கீழே இறங்கினேன். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. ஜோசப் மட்டும் பின்னால் வரப் பார்த்தார். சரோஜா அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததைப் படியிலிருந்து பார்த்தேன்.

கடைக்கு முன்னால் ஐந்தடிப் பாதையில் ஒரு தூணோரம் நின்று கூப்பிட்டேன். நாலு தடவை மணி அடித்தது.

"ஹலோ, யாரு?"

"நான்தான். ஈப்போவுல இருந்து."

"ஈப்போவுல எம்புட்டோ பேரு இருக்காங்க. யாரு?"

"பஸ்சு."

பின்னால் வண்டிகள் சத்தம், மலாயில் ஏதோ அறிவிப்பு.

"டிரைவரே," என்றாள்.

"ம்."

"யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"நம்பரு எப்பிடிக் கெடச்சுச்சு?"

"சரோஜா அக்கா குடுத்துச்சு," என்றேன். அது பொய். நம்பர் என்னிடம் பல வருஷமாக இருக்கிறது.

கையேட்டைப் பற்றிச் சொன்னேன். பெரட்டைப் பற்றிச் சொன்னேன். எனக்கு இவ்வளவு நீளமாகப் பேசிப் பழக்கமில்லை. நடுவில் இரண்டு இடத்தில் திணறிவிட்டது.

"இன்னுமா என் பேரக் கூப்பிடுறீங்க?"

"கூப்பிடுறோம்."

"யாரு பதில் சொல்றா?"

"நான்தான்."

"என்னன்னு?"

"ஜொகூர்ல இருக்கு. வரும்னு."

சிரித்தாள். சிரிப்பு மாறவில்லை. "எத்தன வருசமா?"

"பதினொன்னு."

"வேற வேல இல்லையா ஒங்களுக்கு?"

"ரிட்டயர் ஆயிட்டேன்."

மறுபடி சிரித்தாள். பிறகு ராணி வேஷம் இப்போது யார் போடுவது என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணு. பேங்குல வேல. நல்லா செய்யிது."

"என்னய விடவா?"

"சத்தம் பத்தாது."

ஒரு பெருமூச்சு மாதிரி கேட்டது. வண்டிச் சத்தமாகவும் இருக்கலாம்.

"சின்னவளுக்கு இப்பத்தான் கொழந்த பொறந்துருக்கு," என்றாள். "நான்தான் பாத்துக்கிறேன். இனிமே அங்க வந்து நிக்கிறது நடக்காது டிரைவரே. பேர எடுத்துருங்க."

"இருந்துட்டுப் போகட்டுமே. இடஞ்சல் ஒண்ணும் இல்ல."

"எனக்கு இருக்கு. வாராவாரம் நீங்க எந்திரிச்சு வரும் வரும்னு சொல்றீங்கன்னு தெரிஞ்ச பெறகு, எனக்கு ஞாயித்துக்கெழம சோறு எறங்காது. எடுத்துருங்க. நானே சொல்றேன். அதான மொற?"

"அதான் மொற."

"அப்ப சரி."

தூணில் பழைய சுவரொட்டி ஒன்று பாதி கிழிந்து தொங்கியது. அதை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பஸ் நிலையத்தில் சொல்ல வேண்டியிருந்தது இப்போதும் வாயில் இருந்தது. நீளமான வாக்கியமும் இல்லை.

"பஸ்சு வந்துருச்சு," என்றாள். "வச்சிரட்டா?"

"பாத்து ஏறு."

அவள் உடனே வைக்கவில்லை. படியேறும் சத்தம் கேட்டது. பஸ் அட்டையைத் தட்டும் சத்தம் கேட்டது. உட்கார்ந்திருப்பாள். அப்புறம்தான் வைத்தாள்.

மேலே போனேன். ஐந்து பேரும் ஏதோ வேலையாக இருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். சின்னையா எரியாத ஒரு பல்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கச் சொல்லிருச்சு," என்றேன்.

மகேஸ்வரி தட்டச்சு செய்யவில்லை. "அண்ணே, வேணும்னா அந்தப் பக்கத்த இப்பிடியே விட்டுரலாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

"இல்ல. அதுவே சொல்லிருச்சு. எழுது."

நோட்டை எடுத்தேன். பெயர் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் 'அவரே சொன்னார்' என்று எழுதினேன். சிவாவுக்கும் அப்படித்தான் எழுதியிருந்தேன். கையேட்டில் பெரட்டுப் பக்கம் முடிந்தது. ஒத்திகை ஆரம்பமானது. ஜோசப் கத்தியைத் தூக்கிக்கொண்டு கத்த ஆரம்பித்தார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். எவ்வளவு நேரம் பேசினோம் என்று அதில் இருந்தது.

நான்கு நிமிடம், முப்பத்தெட்டு விநாடி.